வாதங்களின் வம்சாவளி: படைப்புவாத-பரிணாம விவாதத்துக்கு ஒரு தரவுத்தளம்

அமெரிக்காவில் நடக்கும் படைப்புவாத-பரிணாம விவாதங்களைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குக் 'கிஷ் பாய்ச்சல்' என்ற சொல் பழக்கமானது. ட்வேன் கிஷ் பெர்க்லியில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உயிரினங்கள் விவிலியம் சொல்கிறபடியே படைக்கப்பட்டன என்று பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக மேடையேறி வாதிட்டவர். 2013இல் காலமானார். அரை மணி நேரம் கொடுத்தால் போதும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, கிடைக்காத இடைநிலைப் புதைபடிவங்கள், கண்ணின் சிக்கல், ஏதோ ஒரு வண்டின் வயிறு என்று மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போவார். ஒவ்வொன்றையும் சொல்ல ஒரு வாக்கியம் போதும். பதில் சொல்லவோ பத்து நிமிடம் வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் உயிரியல் பேராசிரியர் தன் துறைக்குள் வரும் இரண்டைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மீதிக்குப் பதிலே இல்லை என்ற எண்ணத்தோடு கூட்டம் கலையும். இந்த உத்திக்குத்தான் 1994இல் தேசிய அறிவியல் கல்வி மையத்தின் இயக்குநராக இருந்த யூஜெனி ஸ்காட் அந்தப் பெயரைச் சூட்டினார்.

இப்படிப்பட்ட ஒருவரோடு மோதுவதற்கு நாவன்மையைவிட நல்ல ஒரு பட்டியல் உதவும் என்று தோன்றுவது இயல்பு. அப்படித் தோன்றியவர்களில் ஒருவர் மார்க் ஐசக். படைப்புவாதிகள் சொல்லும் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண் கொடுத்து, யார் எங்கே சொன்னார்கள் என்று குறித்து, கீழே சுருக்கமாகப் பதிலும் எழுதி வைத்தார். அது 2005இல் நூலாகவும் வந்தது. தத்துவமும் அறவியலும் ஒரு பிரிவு, உயிரியல் ஒன்று, தொல்லுயிரியல் ஒன்று, நிலவியல் ஒன்று என்று போகும். இரண்டாம் விதி பரிணாமத்தைத் தடை செய்கிறது என்ற கூற்றுக்கு எண் சி.எஃப். 001. பூமி மூடிய அமைப்பல்ல, சூரியனிடமிருந்து ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது என்பது அதற்கான பதிலின் சாரம். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு இது மிகவும் பழகிய ஏற்பாடு. வாடிக்கையாளர் ஒரு பிழையைப் புகார் செய்தால் முதலில் பிழைப்பதிவேட்டைத் திறந்து, இது ஏற்கனவே வந்ததா என்று பார்ப்போம். வந்திருந்தால் பழைய எண்ணைக் குறிப்பிட்டு மூடிவிடுவோம். படைப்புவாதக் கூற்றுகளில் பெரும்பாலானவை இப்படி மூடப்பட வேண்டியவைதான்.

ஆனால் மூடினாலும் மூடியபடி இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மேலே சொன்ன வண்டையே எடுத்துக்கொள்வோம். பாம்பார்டியர் வண்டு எதிரியின் மேல் கொதிக்கும் திரவத்தைப் பீய்ச்சியடிக்கும். அதன் உடலில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் கலந்தாலே வெடித்துவிடும், ஆகவே வெடிக்காமல் தடுக்கும் பொருளும் முதல் நாளே இருந்திருக்க வேண்டும், படிப்படியாக உருவாகியிருந்தால் வண்டு எப்போதோ சிதறிப்போயிருக்கும் என்பது கிஷ்ஷின் வாதம். 1978இல் சான்டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு உயிரியலாளர்கள் இரண்டையும் கலந்தே காட்டினார்கள். வெடிக்கவில்லை, திரவம் பழுப்பாகியது, அவ்வளவுதான். நொதிகள் சேர்ந்தால்தான் அந்தக் கொதிப்பு. விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். 1982இல் பிரான்சிஸ் ஹிட்சிங் எழுதிய நூலில் அதே வெடிப்பு மீண்டும் வந்தது. அதைப் படித்த ரிச்சர்ட் டாக்கின்ஸ் தானும் ஒருமுறை கலந்து பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று தன் 1986ஆம் ஆண்டு நூலில் எழுத வேண்டியதாயிற்று.

கூற்று ஒரு பத்தி, பதில் ஒரு பத்தி என்ற அமைப்பில் இந்த நகர்வு தெரியாது. 1978க்கு முன் சொன்னவரும் 1982இல் சொன்னவரும் ஒரே வரியில் அடைந்துவிடுகிறார்கள். முன்னவர் தவறாகப் புரிந்துகொண்டவர் என்றால், பின்னவர் விசாரிக்காமல் படியெடுத்தவர். இந்த வித்தியாசம் பதிவாக வேண்டுமானால், கூற்றுக்குத் தேதி வேண்டும், யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற தொடர்பு வேண்டும், பிறகு யார் கைவிட்டார்கள் என்ற குறிப்பும் வேண்டும். டார்வின் மரணப்படுக்கையில் மனம் மாறினார் என்ற கதை 1915இல் பாஸ்டனில் ஒரு பாப்டிஸ்ட் இதழில் வந்தது. அவர் மகள் 1922இல் அதை மறுத்து எழுதினார். இன்று 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்' என்ற படைப்புவாத அமைப்பே தன் ஆதரவாளர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. ஆனாலும் கதை உலவிக்கொண்டுதான் இருக்கிறது. எதிர்த்தரப்பே கைவிட்டது என்ற ஒரு கட்டம் நம் பட்டியலில் இருந்தால், பாதி விவாதங்களை நாம் தொடங்கவே வேண்டியதில்லை.

இதெல்லாம் நூலகர்களுக்குரிய நுணுக்கம், இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 2005இல் பென்சில்வேனியாவில் நடந்த டோவர் வழக்கு அதற்குப் பதில் சொல்லும்.

டோவர் என்ற சிற்றூரின் பள்ளி வாரியம் 2004 அக்டோபரில் 6-3 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு, டார்வின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற மாற்று விளக்கம் இருக்கிறது, அதைப் பற்றி அறிய 'பாண்டாக்களும் மனிதர்களும்' பற்றிய ஒரு நூல் நூலகத்தில் உள்ளது என்று ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். பெற்றோர்கள் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். படைப்புவாதத்தைக் கட்டாயமாகக் கற்பிக்கச் சொல்லும் லூசியானா மாநிலச் சட்டத்தை 1987 ஜூனிலேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே வாரியத்தரப்பு வழக்கறிஞர்கள் தங்களுடையது படைப்புவாதமே அல்ல, அது வேறு, இது வேறு, இதில் கடவுள் என்ற சொல்லே கிடையாது என்றார்கள்.

அது வேறு, இது வேறு என்பதை உயிரியலைக் கொண்டு மறுக்க முடியாது. ஆவணத்தைக் கொண்டுதான் முடியும். தேசிய அறிவியல் கல்வி மையம் எண்பதுகளிலிருந்து சேர்த்துவைத்திருந்த காகிதக் குவியலை நிக் மாட்ஸ்கி என்ற இளைஞர் துழாவியபோது, அந்தப் பாண்டா நூல் முதலில் படைப்புவாத நூலாகவே திட்டமிடப்பட்டது என்பதற்கான தடயங்கள் கிடைத்தன. அதைப் பிடித்துக்கொண்டு வழக்கறிஞர்கள் நீதிமன்ற ஆணை மூலம் டெக்சாஸில் இருந்த பதிப்பாளரிடமிருந்து பழைய வரைவுகளைக் கேட்டுப் பெற்றார்கள். 1983இல் ஒன்று, 1986இல் ஒன்று, 1987இல் மேலும் சில. தலைப்பே 'படைப்பு உயிரியல்' என்று தொடங்கி, 'உயிரியலும் படைப்பும்' ஆகி, 'உயிரியலும் தோற்றங்களும்' ஆகி, கடைசியில் பாண்டாக்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. லூசியானாவிலிருந்து வந்த தத்துவப் பேராசிரியை பார்பரா ஃபாரஸ்ட் இவற்றை அடுக்கி வைத்து ஒப்பிட்டுச் சாட்சி சொன்னார். 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவில் 'படைப்பு' என்று இருந்த இடத்தில் பிந்தைய வரைவில் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. சொல்லுக்குக் கொடுத்த வரையறைகூட மாறவில்லை. சுமார் 150 இடங்களில் இந்த மாற்றம். மாற்றியவர் ஓரிடத்தில் அவசரப்பட்டுவிட்டார். 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற சொல்லின் நடுப்பகுதியை மட்டும் அழித்து 'டிசைன் புரொப்போனன்ட்ஸ்' என்று ஒட்டியிருக்கிறார். முன்னால் 'சி' என்ற எழுத்தும் பின்னால் 'இஸ்ட்ஸ்' என்ற வாலும் அப்படியே நின்றுவிட்டன. 'சிடிசைன் புரொப்போனன்ட்சிஸ்ட்ஸ்' என்று எந்த மொழியிலும் இல்லாத ஒரு பிராணி உருவாகிவிட்டது. தேடிக்கொண்டே இருந்த இடைநிலைப் புதைபடிவம் கடைசியில் கிடைத்துவிட்டது என்று அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள். மென்பொருள்காரர்கள் நிரலில் ஒரு பெயரை மொத்தமாக மாற்றும்போது இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்; ஆனால் எங்கள் பிழை அரசியல் சட்ட வழக்கில் சான்றாவதில்லை.

அதே வழக்கில் இன்னொரு காட்சி. நோயெதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலிடம் விடை இல்லை என்று அறிவார்ந்த வடிவமைப்பின் முக்கிய அறிஞரான மைக்கேல் பெஹே எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் அவர் முன்னால் அந்தப் பொருள் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் 9 நூல்களும் பாடநூல் அத்தியாயங்கள் சிலவும் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கப்பட்டன. இவை போதுமானவை அல்ல என்றார் அவர். நீதிபதி ஜான் ஜோன்ஸ் தன் தீர்ப்பில் இதைக் குறித்துக்கொண்டார். இவர் ஜார்ஜ் புஷ் நியமித்த குடியரசுக் கட்சிக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். 2005 டிசம்பர் 20 அன்று வந்த 139 பக்கத் தீர்ப்பு, அறிவார்ந்த வடிவமைப்பு என்பது படைப்புவாதத்தின் வாரிசே, அறிவியல் அல்ல என்றது. ஒரு குறிப்புத் தரவுத்தளம் செய்யக்கூடிய இரண்டு வேலைகளும் ஒரே நீதிமன்ற அறையில் நடந்தன. ஒன்று, இருக்கும் ஆய்வுகளைத் திரட்டிக் காட்டியது. மற்றது, ஒரு கூற்றின் பெற்றோரைக் கண்டுபிடித்தது. என் பார்வையில் வழக்கை வென்றது இரண்டாவதுதான். 58 கட்டுரைகளைப் 'போதாது' என்று சொல்ல முடிந்தது. வரைவுகளை எதிர்த்து அப்படிச் சொல்ல வழியில்லை.

நிற்க. தேதி வேண்டும் என்பது ஒரு தரப்புக்கு மட்டும் பொருந்தாது. நம் பதில்களுக்கும் தேதி உண்டு. 1922இல் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரு பல்லை வைத்து புதிய மனிதக் குரங்கினம் ஒன்று என்று பெயர் சூட்டினார்கள். 1927இல் அது பன்றியை ஒத்த ஒரு விலங்கின் பல் என்று தெரிந்து திரும்பப் பெற்றார்கள். பாடநூல்களில் வரும் இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சி இன்னொன்று. தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கறுத்தபோது கறுப்புப் பூச்சிகள் பெருகிய கதை. இந்தப் பூச்சிகள் பகலில் அடிமரத்தில் உட்காருவதே இல்லை, படங்கள் ஒட்டி எடுக்கப்பட்டவை என்று ஜோனதன் வெல்ஸ் 2000இல் எழுதியபோது, உயிரியலாளர்கள் தந்த பதில் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. மைக்கேல் மஜேரஸ் ஆறு ஆண்டுகள் தன் தோட்டத்தில் 4,864 பூச்சிகளை வைத்துச் செய்த ஆய்வு, அவர் மறைவுக்குப் பிறகு 2012இல் வெளியானது. பறவைகள் தின்பதே காரணம் என்பது இப்போது உறுதியாக நிற்கிறது. அப்படியானால் 2005இல் அச்சிட்ட பதிலை இன்று எடுத்துக்காட்டுவது சோம்பேறித்தனம். இரு தரப்பையும் சம இடம் கொடுத்துப் பதிவு செய்வதுதான் நடுநிலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பத்திகளைச் சரிசமமாகப் போட்ட உடனேயே 'இதில் சர்ச்சை இருக்கிறது' என்ற படைப்புவாதக் கூற்றை அட்டவணையின் அமைப்பே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. தேதியையும் மூலத்தையும் இரு தரப்புக்கும் ஒரே கண்டிப்போடு கேட்பதுதான் செய்யக்கூடிய நியாயம்.

டோவருக்குப் பிறகு மாட்ஸ்கி இந்த வம்சாவளி யோசனையை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் 2004க்குப் பிறகு முன்வைக்கப்பட்ட பரிணாம எதிர்ப்பு மசோதாக்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எடுத்துக்கொண்டு, உயிரியலில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு இனங்களின் கிளைமரம் வரைவதுபோல, சட்ட வாசகங்களை ஒப்பிட்டுக் கிளைமரம் வரைந்தார். 2015 இறுதியில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. லூசியானாவின் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம் 2006இல் எழுதிய கொள்கை, 2008இல் அந்த மாநிலத்தின் சட்டமாகி, பிறகு வேறு மாநிலங்களுக்குப் பரவியிருப்பது அதில் தெரிகிறது. படைப்பு என்ற சொல்லும் இல்லை, வடிவமைப்பு என்ற சொல்லும் இல்லை. 'விமர்சனபூர்வமான சிந்தனை', 'கல்விச் சுதந்திரம்' என்று யாரும் மறுக்க முடியாத சொற்கள். பரிணாமத்தை நம்பாதவர்களின் மசோதாக்கள் பரிணமிப்பதைப் பரிணாமவியலின் கருவியாலேயே அளப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. 2024 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியாவில் கையெழுத்தான சட்டமும் இதே வழியில் போனது. முதல் வடிவத்தில் அறிவார்ந்த வடிவமைப்பு பெயரோடு இருந்தது. நிறைவேறிய வடிவத்தில் அந்தச் சொல் போய், பிரபஞ்சமும் உயிரும் எப்படித் தோன்றின என்ற அறிவியல் கோட்பாடுகள் பற்றி மாணவர் கேட்கும் கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்று மட்டும் நிற்கிறது. இறுதி வடிவத்தை மட்டும் படிப்பவருக்கு இதில் என்ன தவறு என்றே புரியாது.

இங்கே ஒரு கவலையும் இருக்கிறது. டோவர் தீர்ப்பு பெரிதும் சார்ந்து நின்றது 1971இல் உச்ச நீதிமன்றம் வகுத்த 'லெமன்' சோதனையை. அரசின் செயலுக்கு மதச்சார்பற்ற நோக்கம் இருக்கிறதா என்பது அதன் முதல் கேள்வி. வரைவுகள் நிரூபித்தது அந்த நோக்கத்தைத்தான். பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் மைதானத்தில் பிரார்த்தனை செய்தது பற்றிய வழக்கில், 2022 ஜூனில், அந்தச் சோதனையை எப்போதோ கைவிட்டுவிட்டோம், வரலாற்றையும் மரபையும்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1987 தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. ஆனால் இன்னொரு டோவர் வந்தால் உள்நோக்கத்தைக் காட்டும் காகிதங்களுக்கு அதே எடை கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. ஆவணக் காப்பகம் வைத்திருப்பவர்கள் இனி நீதிபதியை மட்டும் மனத்தில் வைத்துச் சேர்க்க முடியாது. பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கும் பெற்றோரையும் நினைக்க வேண்டும். டோவரில் அந்தத் தீர்மானத்தை ஆதரித்த வாரியத்தைத் தீர்ப்புக்கு முந்தைய மாதமே வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதை நினைவில் வைக்கலாம்.

இனி நம் பக்கம். ஐசக்கின் பிரிவுகள் பெரும்பாலும் அமெரிக்க கிறிஸ்தவத்தை மனத்தில் வைத்து உருவானவை. இந்தியாவில் கூற்றுகளின் முகமே வேறு. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டு இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் கோட்பாடு தவறு என்றார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், தசாவதாரம் டார்வினைவிடச் சிறந்த கோட்பாடு என்றார். முன்னவர் பரிணாமத்தை மறுக்கிறார், பின்னவர் அது எங்களிடம் ஏற்கனவே இருந்தது என்கிறார். இரண்டாவது வகைக்கு அமெரிக்கப் பட்டியலில் பொருத்தமான வீடு இல்லை.

அதன் வம்சாவளியைத் தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்ற வரிசையை டார்வினோடு பொருத்திப் பார்த்த முற்கால எழுத்துகளில் ஒன்று பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல். அவர் ரஷ்யாவில் பிறந்தவர். நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர். அந்தச் சபை 1882இல் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் வங்காளத்தில் கேசவ சந்திர சென் இதையே தன் சொற்பொழிவில் எடுத்தாண்டார். பழைய புராணங்களில் அவதாரங்கள் வருவது தர்மத்தைக் காக்க. ஓர் இனம் இன்னொன்றாக மாறியதைச் சொல்ல அல்ல. நம்மவர்கள் பட்டிமன்றங்களில் சொல்லும் சிவபுராணத்துப் பிறவி வரிசைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அங்கே பிறவிதோறும் பயணப்படுவது ஓர் உயிர், மாறுவது இனமல்ல. தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான பகுப்பும் அருமையான வகைப்பாடு. ஆனால் வகைப்பாடு வேறு, வம்சாவளி வேறு. மாணிக்கவாசகருக்கு டார்வினின் சான்றிதழ் தேவையில்லை. அவரை டார்வினுக்கு முன்னோடியாக்கியது எந்தப் பத்தாண்டில், எந்த மேடையில் தொடங்கியது என்பதை யாராவது தேடிப் பதிவு செய்தால் நான் ஆவலோடு படிப்பேன்.

இவை எல்லாமே யாரோ வாய் திறந்து சொன்னவை. 2023இல் நடந்தது வேறு மாதிரி. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த ஒன்பதாம் அத்தியாயம், புதிய அச்சில் 'மரபு' என்று மட்டும் ஆகியிருந்தது. டார்வின், புதைபடிவங்கள், இனத்தோற்றம், மனிதப் பரிணாமம் எல்லாம் போயின. பரிணாமத்தை முன்னேற்றம் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற நல்ல ஒரு பகுதியும் போனது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் 1,800க்கும் மேற்பட்டோர் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பெருந்தொற்றுக்குப் பின் மாணவர் சுமையைக் குறைக்கிறோம், பன்னிரண்டாம் வகுப்பில் விரிவாக இருக்கிறது என்பது குழுமத்தின் பதில். பத்தாம் வகுப்போடு உயிரியலை விடுகிறவர்களுக்கு அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு வரப்போவதில்லை. 2017இல் துருக்கியும் இதேபோல, மாணவர்களின் தரத்துக்கு மீறியது என்று சொல்லித்தான் பரிணாமத்தை உயர்நிலைப் பள்ளியிலிருந்து எடுத்தது.

இங்கே மறுப்பதற்குக் கூற்றே இல்லை. எத்தனை ஆயிரம் கூற்றுகளும் பதில்களும் கொண்ட தரவுத்தளமும் இந்த இடத்தில் ஒன்றும் காட்டாது. உள்நோக்கத்தை ஊகிப்பதும் சுலபமல்ல. ஏனென்றால் அதே திருத்தத்தில் தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணை அத்தியாயமும் பத்தாம் வகுப்பிலிருந்து நீங்கியது. மெண்டலீவ் மேல் எந்த மதத்துக்கும் கோபமில்லை. செய்யக்கூடியது, எங்கள் தொழிலில் தினமும் செய்வதுதான்: பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, எந்த வரி போயிற்று, எந்த வரி வந்தது, எந்தத் தேதியில், என்ன காரணம் எழுதி என்று பதிவது. மத்திய நூலுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு மாநில நூலுக்கும், ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும். இதற்கு உயிரியல் தெரிந்தவர் ஒருவரும், ஸ்கேன் செய்யப் பொறுமை உள்ளவர் நாலு பேரும் போதும். கடினமானது பழைய பிரதிகள் கிடைப்பது. புதிய பாடநூல் வந்ததும் பழையது எடைக்குப் போய்விடுகிற ஊர் நம்முடையது. ஊருக்குப் போகும்போது அலமாரியில் அண்ணனோ தங்கையோ படித்த அறிவியல் நூல் அகப்பட்டால், முதல் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.